சிதம்பரம் பிள்ளையும் கம்பெனி விதிகளும்

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் கப்பலோட்டியதையும் செக்கிழுத்ததையும் நம்மவர் தவறாமல் சொல்வர். அக்கப்பலுக்கு ஆதாரமாயிருந்த பத்திரங்களைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலர். சங்கமென்றும் கம்பெனியென்றும் கூட்டுறவு ஸ்தாபனமென்றும் நாளுக்கொன்றாக ஆரம்பித்து, விதிகளை மட்டும் எவரோ எழுதிய பழைய புஸ்தகத்திலிருந்து பெயர்த்தெழுதிக்கொள்ளும் நமது ஊழியர்கள் அவ்விஷயத்தைக் கவனித்தல் நலம்.

பிள்ளையவர்கள் 1872ம் வருஷம் செப்டம்பர் 5ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் உலகநாத பிள்ளையின் குமாரராய்ப் பிறந்தார். 1894ல் பிளீடர் பரீட்சையில் தேறி, முதலில் சொந்த ஊரிலும் 1900 முதல் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கைவசமிருந்தது. அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்வதோடு நின்றிருந்தால் அவரைத் தடுத்திருப்பார் ஒருவருமில்லை. அவரோ 1906ம் வருஷம் அக்டோபர் 16ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஸ்தாபனம் சட்டப்படி பதிவாகும்படி செய்தார்.

அன்று அமுலிலிருந்த 1882ம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டப்படி, ஏழு பேருக்குக் குறையாமல் சேர்ந்து கையெழுத்திட்டாலன்றி இத்தகைய கம்பெனி உண்டாகாது. அதற்கு இரண்டு பத்திரங்கள் உயிர்நிலை. மெமொராண்டம் என்பது கம்பெனியின் பெயர், நோக்கம், மூலதனம், அங்கத்தினரின் பொறுப்பு இவற்றை உலகத்தாருக்கு அறிவிப்பது. ஆர்டிக்கிள்ஸ் என்பது பங்கு கைமாறுதல், கூட்டம், வோட்டு, டைரக்டர்களின் அதிகாரம் ஆகிய வீட்டு விவகாரங்களை வகுப்பது. இன்று 2013ம் வருஷத்துச் சட்டம் நடைபெறுகிறது; எனினும் பத்திரங்கள் இவ்விரண்டுமே.

சுதேசிக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. இந்த ஒரு பிரிவினையிலேயே தேசத் தொண்டு அடங்கியிருக்கிறது. 250 ரூபாயாக வைத்து 4,000 பங்குகளாக்கியிருந்தாலும் மூலதனம் அதேதான். ஆனால் கடைக்காரரும் குமாஸ்தாவும் வாயிலிலேயே நின்றிருப்பர். ஆசியாக் கண்டத்தார் எவரும் பங்குதாரராகலாம் என்று ஏற்படுத்தியதும் ஆழ்ந்த யோசனையே. வெள்ளைக்காரக் கம்பெனி பங்குகளை வாங்கி உட்புகுவதற்கு அது ஒரு வேலி.

நோக்கங்களும் கப்பல் விடுவதோடு நிற்கவில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஏனைய ஆசியருக்கும் கப்பல் நடத்தவும் கட்டவும் பயிற்சியளித்தல், அதற்குக் கலாசாலைகள் நிறுவுதல், கப்பல் கட்டும் துறைகள் அமைத்தல், சுதேசி வியாபாரங்களை நடத்துதல் ஆகியனவும் சேர்ந்திருந்தன. இதைப் பேராசையென்று சொல்பவர் 1875ல் பிரபுக்கள் சபை தீர்த்த ஆஷ்பரி வழக்கைப் பார்க்கவேண்டும். ரெயில் வண்டிகள் செய்து விற்பதற்கென ஏற்பட்ட கம்பெனி, பெல்ஜியத்தில் ரெயில் பாதை போட ஒப்பந்தம் செய்தது. நோக்கத்தில் காணாத காரியமாகையால், பங்குதாரர் அனைவரும் சம்மதித்தாலும் அது செல்லாதென்று தீர்ப்பாயிற்று. கப்பல் ஓட்ட மாத்திரம் ஏற்பட்ட கம்பெனி பள்ளிக்கூடம் வைக்கப் புறப்பட்டிருந்தால் அதே கதிதான்.

மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அக்கிராசனர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் காரியதரிசி. பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி. சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். சேட் அவர்கள் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். பெரும் பங்குக்காரர் ஒருவரிருக்கும் இடத்தில் வோட்டு விதி எவ்வளவு முக்கியமென்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1862ம் வருஷத்து இங்கிலீஷ் சட்டத்தின் மாதிரி விதிகளில் முதல் பத்துப் பங்குகளுக்குப் பங்குக்கு ஒரு வோட்டு. பிறகு நூறு வரை ஐந்து பங்குக்கு ஒன்று. நூறுக்கு மேல் பத்துக்கு ஒன்று. அப்படியானால் 8,000 பங்குக்கு 818 வோட்டுகளே. பங்குக்கு ஒரு வோட்டு என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதுவே 8,000 ஆகிவிடும்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பலில்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியாரின் வாடகைக் கப்பல், எதிரிகளின் நிர்ப்பந்தத்தால் பறிபோயிற்று. 1907ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன. பின்னர் நடந்த கட்டணப் போட்டியை நேயர்கள் அறிவர்.

1908ம் வருஷம் மார்ச்சு 12ந் தேதி பிள்ளையவர்கள் கைதியானார். ஜூலை 7ந் தேதி இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன, அப்பீலில் குறைந்தன. கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அவர் உடல் நைந்துகொண்டிருக்கையில் 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா, எந்தக் கம்பெனியை எதிர்க்க வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விலையாயிற்று.

ஆசியர் ஷரத்து எங்கே போயிற்றென்று கேட்கலாம். அது பங்குகளைக் காத்ததேயன்றிக் கப்பலைக் காக்கவில்லை. கலைப்பு வந்தபின் சொத்துக்களை நல்ல விலைக்கு விற்றுக் கடன்காரருக்குக் கொடுப்பது கலைப்பதிகாரியின் கடமை. வாங்குகிறவன் எந்தக் கண்டத்தானென்று அவர் பார்ப்பதற்கில்லை. கப்பல்களை ஒரு தர்ம டிரஸ்டின் பேரில் வைத்துக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அவை தப்பியிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் லாபத்தில் பங்கில்லாத டிரஸ்டுக்கு அத்தனை பணம் திரண்டிராது. ஒரு காரியத்தின் பிராணனாயிருப்பவர் சிறை புகுந்தால் அவருடைய அதிகாரம் எவரிடம் செல்லும், எந்தக் கூட்டம் அதை நிர்ணயிக்கும் என்பதை விதிகளிலேயே எழுதிவைப்பது மட்டும் எந்த ஸ்தாபனத்துக்கும் சாத்தியம். அரசாங்கத்தோடு மோதத் துணியும் ஸ்தாபனத்துக்கு அது முதல் ஷரத்தாகவே இருக்கவேண்டும்.

1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் விடுதலையடைந்தபோது கம்பெனியுமில்லை. வக்கீல் சன்னதும் ரத்தாயிருந்தது. பல வருஷங்கள் சென்னையிலும் கோயமுத்தூரிலும் வறுமையில் உழன்றார். நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றிக்காகத் தம் புதல்வர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் கோர்ட்டுக்குப் போய்வந்த அவர், 1936ம் வருஷம் நவம்பர் 18ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.