வீதிப் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தவர், அவர்களைக் கப்பலேற்றியது ஏன்? - டாக்டர் பர்னார்டோவின் கதை

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. உங்களுக்குப் பத்து வயசு. பக்கத்துல ஒரு மரப்பெட்டி, அதுக்குள்ள மாத்துத்துணி. கப்பல் கிளம்பிடுச்சு. அம்மா உயிரோடதான் இருக்காங்க. ஆனா, நீங்க கனடாவுக்குப் போற விஷயம் அவங்களுக்கு இன்னும் தெரியாது!

19-ம் நூற்றாண்டு பிரிட்டனில் இது நிஜமாகவே நடந்தது. ஏழைப் பிள்ளைகளைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்பியவர்களில் பெரிய பெயர், தாமஸ் ஜான் பர்னார்டோ. உடனே வில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

1845-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு, மதப்பணிக்காகச் சீனா போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 1866-ல் லண்டன் வந்தார். கிழக்கு லண்டனைக் காலரா சூறையாடிய வருஷம் அது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஓர் இரவு ஜிம் ஜார்விஸ் என்ற சிறுவன், கூரை மேல் ஒடுங்கித் தூங்கும் பிள்ளைகளைக் காட்டியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சீனா கனவு அதோட போச்சு. 1870-ல் ஸ்டெப்னியில் பையன்களுக்கு விடுதி திறந்தார்.

ஒருநாள் விடுதி நிரம்பிவிட்டது. இடம் கேட்டு வந்த 11 வயதுப் பையனைத் திருப்பி அனுப்பினார்கள். ரெண்டு நாள்தான்... பசியிலும் குளிரிலும் அவன் இறந்துகிடந்தான். அதன்பிறகு, ஆதரவற்ற எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று வாசலில் எழுதிவைத்தார் பர்னார்டோ.

கதவை மூடவே கூடாது என்றால், உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? கனடா விவசாயிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மரியா ரை, ஆனி மெக்பர்சன் போன்றவர்கள் ஏற்கெனவே பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1882-ல் பர்னார்டோவும் தன் விடுதிப் பையன்களை நேரடியாக அனுப்பத் தொடங்கினார்.

அங்கே சிலருக்குப் பாசமான குடும்பம் கிடைத்தது. பலருக்குக் கிடைத்தது மாட்டுத்தொழுவமும் பனியும் ஓயாத வேலையும்தான். அண்ணன் ஒரு பண்ணையில், தம்பி இன்னொரு பண்ணையில். எப்போதோ ஒருமுறை வரும் அதிகாரியிடம், முதலாளி பக்கத்தில் நிற்கும்போது ஒரு குழந்தை என்னத்தைச் சொல்லும்? 1895-ல் ஜார்ஜ் கிரீன் என்ற பர்னார்டோ விடுதிப் பையன், ஒன்டாரியோ பண்ணை ஒன்றில் கொடுமைக்குள்ளாகி இறந்தான். வழக்கு நடந்தது, ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

பெற்றோர் சம்மதம்? சில குடும்பங்களுக்குக் கப்பல் கிளம்பிய பிறகுதான் தகவல் போனது. குழந்தையைத் திரும்பக் கேட்டுத் தாய்மார்கள் கோர்ட் ஏறினார்கள். மோசமான வீட்டிலிருந்து காப்பாற்றத்தானே எடுத்துப்போனேன் என்பது பர்னார்டோவின் வாதம். சொந்தபந்தம் அறுந்தால்தான் பிள்ளை உருப்படும் என்று அவர் மனசார நம்பினார்.

1905-ல் அவர் இறந்தபோது, அவருடைய இல்லங்கள் ஏறத்தாழ 60,000 குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்திருந்தன. இன்னொரு பக்கம், பல அமைப்புகள் சேர்ந்து பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு அனுப்பிய குழந்தைகள் சுமார் ஒரு லட்சம் பேர். கடல் கடந்து குழந்தைகளை அனுப்பியதற்காக 2010-ல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்பு கேட்டார். அதற்குள் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பர்னார்டோ இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தெருவிலேயே செத்திருப்பார்கள். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. உன் நல்லதுக்குத்தான் என்று நாமும் வீட்டில் தினமும் சொல்கிறோம். அப்படிச் சொல்வதற்கு முன்னால், அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!