காந்தி விதிவிலக்கு கொடுத்த தையல் மெஷின்: யார் இந்த ஐசக் சிங்கர்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் உட்காரும் மெஷினின் வரலாற்றில் அடிக்கடி வரும் பெயர் சிங்கர். கம்பெனி பெயராகவே தெரிந்த இந்த சிங்கர் உண்மையில் யார்?

காந்தி நம்பிய கதை

இயந்திரங்களை விமர்சித்த காந்தி, 1924-ல் ஜி.ராமச்சந்திரனுடன் பேசும்போது தையல் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார். (இந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.) மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் இதைச் செய்தார் என்று காந்தி நம்பினார். கேட்க அழகான கதை. ஆனா, சிங்கரின் வாழ்க்கை அப்படி இல்லை.

நாடக நடிகர் டு மெக்கானிக்

ஐசக் மெரிட் சிங்கர் 1811-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியவர். நாடகக் குழு நடத்தினார், பாறை துளைக்கும் இயந்திரத்துக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் கையில் காசு நிற்கவில்லை.

1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறையில், அடிக்கடி மக்கர் பண்ணும் தையல் மெஷின் ஒன்றைப் பார்த்தார். அதில் ஷட்டில் வட்டமாகச் சுற்றியது. அதை நேராகப் போய்வர வைத்தார். ஊசியை மேலும் கீழுமாகக் குத்த வைத்தார். கடன் வாங்கிய 40 டாலரில், 11 நாளில் முடித்ததாக அவரே சொல்லிக்கொண்டார். 1851 ஆகஸ்ட் 12-ல் காப்புரிமை கிடைத்தது.

துணியை அழுத்திப் பிடிக்கும் 'ஃபுட்', துணியை நகர்த்தும் பல் சக்கரம் எல்லாம் அதில் இருந்தன. சீக்கிரமே காலால் மிதிக்கும் வசதியும் சேர, இரண்டு கையும் துணியைப் பிடிக்கக் கிடைத்தது.

அப்போ, கண்டுபிடித்தது அவர்தானா?

முழுசா இல்லை. நுனியில் கண் உள்ள ஊசியும் ஷட்டிலும் சேர்ந்து போடும் தையலுக்கு எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். வழக்கு நடந்தது, 1854-ல் சிங்கர் பணம் கட்டி சமாதானம் ஆனார். இன்றைய மெஷின்களில் துணியைத் தள்ளும் பல்லின் அசைவு, ஆலன் வில்சன் 1854-ல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வந்தது. பலருடைய யோசனைகளை ஓடுகிற மெஷினாக்கி விற்றதுதான் சிங்கரின் சாமர்த்தியம்.

அவருடைய கூட்டாளி வக்கீல் எட்வர்ட் கிளார்க். 1856 வாக்கில் தவணை முறையைக் கொண்டுவந்தது இந்தக் கம்பெனி. மொத்தமாகப் பணம் கட்ட முடியாத வீடுகளுக்குள்ளும் மெஷின் நுழைந்தது இப்படித்தான்.

வீட்டு வாழ்க்கை? ஒரே நேரத்தில் பல குடும்பங்கள், 20 பேருக்கு மேல் பிள்ளைகள். விஷயம் வெளியே தெரிந்ததும் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். 1875-ல் இங்கிலாந்தில் இறந்தார்.

சிங்கரிடமிருந்து கையை மீட்பது

இப்போது பலர் வீட்டு மெஷினில் கற்றுக்கொள்ளும் ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங், சிங்கர் கட்டிய பாதைக்கு நேர் எதிர். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, பல்லை இறக்கி அல்லது மூடி, துணியை நம் கையே எந்தத் திசையிலும் நகர்த்தணும். நம்ம ஊர் தையல் வகுப்புகளில் சொல்லித்தரும் மெஷின் எம்ப்ராய்டரியும் இதே வித்தைதான். அங்கே துணியை வளையத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள்.

ஃபுட்டைக் கழற்றினாலும் அதன் லீவரை இறக்கணும்; இல்லைன்னா மேல் நூல் இறுகாது, அடியில் சிக்கும். மிதிக்கும் வேகமும் கை வேகமும் ஒத்துப்போனால்தான் தையல் சீராக விழும். கை முந்தினால் தையல் நீளும், கால் முந்தினால் நெருங்கும். பழைய துணியில் பழகுவது நல்லது. துணியில் பிரிச்சுத் தைக்கலாம்; தோலில் ஊசி குத்திய ஓட்டை அப்படியே நிற்கும். அதனால்தான் ஷூ கம்பெனி தையலில் பழகிய கைக்கு மதிப்பு.

காந்தி சொன்ன காதல் கதை நிற்காது. ஆனா தைப்பவரின் உடம்பு நோவைக் குறைக்கிற கருவி என்று அவர் பார்த்ததில் தப்பில்லை. மெஷினை விற்றவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதில் தைக்கிற பெண்ணின் பெயரை எந்த ஷூவிலும் யாரும் எழுதுவதில்லை.