விக்கா நெறி கண்ட கார்ட்னர்

வைகாசித் திங்களில் முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரப்படும் நீரைக்கொண்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றுவர். எண்ணெய் இன்றி உப்புநீரில் திரி எரியும் அக்காட்சியைத் தொழுதபின், அடியார் கூட்டம் நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் பொங்கலுக்குச் செல்லும். போரினால் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, சிறுவயது முதல் அப்பொங்கலை நான் கண்டு வந்திருக்கின்றேன். அவ்வழிபாட்டை வகுத்தவர் யார், அது தொடங்கிய ஆண்டு எது என்று அங்கே எவரும் சான்று கேட்பதில்லை.

அதே வன்னி மண்ணில் ஒரு சொல்லுக்கு மட்டும் எல்லாரும் அஞ்சுவர். எங்கள் ஊரில் மூதாட்டி ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்குப் பயம் பிடித்தால் நூல் கட்டுவார், கண்ணூறு கழிப்பார். அவர் நூல் கட்டிய குழந்தையொன்று காய்ச்சலால் இறந்தது. அன்றிலிருந்து சூனியக்காரி என்னும் சொல் அவர் படலையடியில் வந்து நின்றது. அவர் கிணற்றில் எவரும் நீர் அள்ளவில்லை. அவ்வழியே நடக்க அஞ்சி ஓடிக் கடந்த சிறுவர்களுள் நானும் ஒருவன்.

பல்லாண்டுகள் கழிந்து நான் ஆசிரியனானேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள், விக்கா என்னும் மேனாட்டுச் சமயத்தை அறிய விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது என்று என்னை வினவினாள். அது சூனியக்காரரின் சமயமென்று மட்டும் கேள்வியுற்றிருந்த நான், அத்தகைய ஆராய்ச்சி வேண்டாமென்று கடிந்து அனுப்பினேன். அதன்பின் அவள் எதைப்பற்றியும் என்னிடம் வினவவில்லை. ஆசிரியனுக்கு இதனினும் பெரிய தோல்வி வேறில்லை. அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடையை இன்று எழுதுகின்றேன். அவ்விடை ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகின்றது. அவர் இளமையிற் பத்தாண்டுகள் நம் இலங்கையிலேயே வாழ்ந்தவர்.

ஜெரால்டு கார்ட்னர் 1884ஆம் ஆண்டு யூன் 13ஆம் நாள் இங்கிலாந்தில், லிவர்பூல் நகருக்கு அண்மையில் பிறந்தார். குடும்பம் மர வணிகத்திற் செல்வமீட்டியது. குழந்தையோ இழுப்பு நோயால் வருந்தியது. குளிர் ஆகாதென்று செவிலித்தாய் ஒருவர் அவரை வெப்பநாடுகளுக்கு அழைத்துச் சென்றார். இதனாற் பள்ளிப்படிப்பு அமையவில்லை. சஞ்சிகைகளைப் புரட்டித் தாமே எழுத்தறிந்தார். எழுத்துப்பிழை அவரை இறுதிவரை விடவில்லை.

அச்செவிலித்தாய் இலங்கைத் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரை மணந்தார். அவர்களுடன் கார்ட்னரும் 1900ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. மஸ்கெலியாப் பகுதியில் தேயிலைத் தொழிலைப் பயின்றார். பின்னர் இறப்பர்த் தோட்டத்திலும் ஈடுபட்டார். 1910இல் கொழும்பிலே மேசன் சங்கத்தில் உறுப்பினரானார். சடங்கின் வழியாகப் படிப்படியாக உள்ளே அழைத்துச் செல்லும் முறையை அவர் அறிந்துகொண்டது அங்கேதான். பிற்காலத்தில் அவர் வகுத்த தீட்சைகளிலும் மூன்று படிகள் உண்டென்பது கருதத்தக்கது.

1911இல் இலங்கையை விட்டுப் போர்ணியோவுக்கும் மலாயாவுக்கும் சென்றார். அங்கே அரசுப் பணியில் அமர்ந்து, 1927இல் திருமணமும் செய்துகொண்டார். ஓய்ந்த வேளைகளில் பழங்குடி மக்களின் நம்பிக்கைகளைக் கேட்டறிந்தார். மலாய் மக்களின் கிறிசுக் கத்தியை ஆராய்ந்து 1936இல் நூலொன்றை வெளியிட்டார். கல்லூரி வாயில் மிதியாத ஒருவர் தம் ஊக்கத்தாலேயே இதனைச் சாதித்தார் என்பதை நாம் மறுத்தலாகாது.

அதே 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து மீண்டார். நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியின் அருகே குடியேறினார். அங்கே பண்டைக்காலம் முதல் மறைவாக வாழ்ந்துவந்த இயற்கை வழிபாட்டுக் குழுவொன்று 1939இல் தமக்குத் தீட்சை அளித்ததென்று அவர் பின்னர் கூறினார். அக்காலத்தில் எகிப்தியல் அறிஞர் மார்கரெட் மரே, ஐரோப்பாவிற் சூனியக்காரரென்று தண்டிக்கப்பட்டோர் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தின் அடியாரே என்று எழுதியிருந்தார். கார்ட்னரின் கூற்று அக்கருத்தோடு பொருந்தி நின்றது.

மந்திர ஆற்றல் உண்டென்று கூறுவோரைத் தண்டிக்கும் 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1949இல், கார்ட்னர் தம் நெறியைப் புனைகதையாகப் புனைபெயரில் வெளியிட்டிருந்தார். 1954இல் தம் பெயராலேயே நூலெழுதினார். மரே அம்மையார் அதற்கு முன்னுரை வழங்கினார். மான் தீவில் இருந்த மாந்திரிகப் பொருட்காட்சிச்சாலையையும் கார்ட்னர் வாங்கி நடத்தினார்.

அவர் பரப்பிய நெறியில் தேவனும் தேவியும் போற்றப்படுவர். வட்டம் வரைந்து அதனுள் வழிபாடு நிகழும். முழுநிலா நாட்களும், பருவ மாற்றங்களையொட்டிய எட்டு விழாக்களும் சிறப்புடையன. எவருக்கும் தீங்கிழையாமை அதன் அறமெனப் பிற்காலத்தில் வகுக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவான வேதநூலோ தலைமைப்பீடமோ அதற்கில்லை. எங்கள் ஊரார் சூனியமென்று அஞ்சும் செயலுக்கும் இதற்கும் உள்ள தொலைவை இதனாலேயே உணரலாம்.

1953இல் டொரீன் வாலியண்டே என்னும் பெண்மணி அவரிடம் தீட்சை பெற்றார். பழமையானதென்று கார்ட்னர் காட்டிய சடங்கு நூலில், 1947இல் மறைந்த மாந்திரிக எழுத்தாளர் அலிஸ்டர் குரோலியின் வரிகள் கலந்திருப்பதை அவர் கண்டு, நேரிற் சுட்டினார். கார்ட்னர் சினந்து விரட்டவில்லை. அவரையே திருத்தியெழுதச் செய்தார். விக்கா நெறியாளர் இன்று போற்றும் சடங்குரைகளிற் பல அப்பெண்மணி எழுதியவையே. ஆயினும் விளம்பரத்தில் கார்ட்னர் கொண்ட வேட்கையையும், திடீரெனப் பழஞ்சட்டங்களென்று அவர் நீட்டிய விதிகளையும் ஏற்க இயலாமல் 1957இல் வாலியண்டே பிரிந்து சென்றார். கார்ட்னர் தமக்குண்டென்று கூறிய கலாநிதிப் பட்டமும் உண்மையன்றென்று தெரியவந்தது.

1964ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், லெபனானிலிருந்து திரும்பும் கப்பலிற் காலையுணவு வேளையில் மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். துனிஸ் நகரில் அடக்கம் நிகழ்ந்தது.

அவருக்குப் பின் வந்த வரலாற்றறிஞர் மரேயின் கொள்கையைக் கைவிட்டனர். 1999இல் ரொனால்டு ஹட்டன் எழுதிய விரிவான நூல், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற சமயம் என்பதை விளக்கியது. நியூ ஃபாரஸ்டில் கார்ட்னர் கண்ட குழு எத்தகையது என்பதில் மட்டும் அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை.

ஆதலின், தொடங்கும் மாணவர்க்கு நான் கூறுவது இதுவே. முதலில் இவ்வாழ்க்கையை அறிக. அடுத்து அவரது 1954ஆம் ஆண்டு நூலைப் படிக்க. ஆனால் அதனை வரலாறாகக் கொள்ளாது, தம் நெறியைப்பற்றி ஒருவர் அளித்த வாக்குமூலமாகக் கொள்க. பின்னர் வாலியண்டேயையும் ஹட்டனையும் படிக்க. ஒவ்வொரு பக்கத்திலும் இவர் கண்டது எது, கேட்டது எது, விரும்பியது எது என்று பிரித்துப் பார்க்க. ஐரோப்பாவில் தொண்ணூறு இலட்சம் பேர் சூனியக்காரரெனக் கொல்லப்பட்டனர் என்னும் கணக்கு நெடுங்காலம் உலவியது. ஆய்ந்தோர் அதனை ஏறக்குறைய 40,000 முதல் 60,000 வரை எனக் குறைத்தனர். எண் குறைந்ததனால் கொடுமை குறைந்துவிடவில்லை. அவருட் பெரும்பாலோர் எந்த மறைசமயத்திற்கும் உரியரல்லர். அயலாரின் அச்சத்துக்கும் பகைக்கும் இலக்கான எளிய மாந்தரே. இரகசியத்தைக் காட்டுவதாகக் கூறிப் பணமோ கண்மூடிய பணிவோ வேண்டுவோரிடம் மட்டும் செல்லற்க.

கார்ட்னர் தம் நெறிக்குப் பழமை தேடி அலைந்தார்; அதற்காக மெய்யையும் சிற்சில இடங்களில் வளைத்தார். அது வேண்டியிருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது. முள்ளியவளையில் உப்புநீர் விளக்கின்முன் கைகூப்பி நிற்பவர் அதன் வயதை எண்ணி நிற்பதில்லை. புதிய சமயமும் மனிதரின் மெய்யான வேட்கையிலிருந்து பிறக்கலாம்; அதன் பிறப்பை ஒளிக்காமற் கூறுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

அந்த மூதாட்டி நெடுங்காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். சூனியக்காரி என்னும் சொல்லை ஆராயாது அஞ்சிய சிறுவனே ஆசிரியனாகி, ஆராய வந்த மாணவியையும் வாயடைத்தான். இனி யாரேனும் அவ்வினாவோடு என்னிடம் வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு அமரச் சொல்வேன்.