இரண்டு பேருக்கு ஒரு வகுப்பு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஓர் ஏரிக்கரையில் அமைந்திருக்கிறது யெர்க்ஸ் வானாய்வகம். 1940-களில் அங்கே பணியாற்றிய பேராசிரியர் ஒருவர், சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தில் பாடம் நடத்துவதற்காக 100 கி.மீ.க்கும் அதிகமான தொலைவை வாரந்தோறும் காரில் கடந்து சென்றார். கடும் குளிர்காலத்திலும் அந்தப் பயணம் நிற்கவில்லை. அந்த வகுப்பில் பதிவு செய்திருந்த மாணவர்கள் இருவர் மட்டுமே.

அந்த இருவரான சுங் தாவோ லீயும் சென் நிங் யாங்கும் 1957-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அவர்களுடைய ஆசிரியரான சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அதே பரிசு 1983-இல்தான் கிடைத்தது.

சந்திரசேகரை நாம் பெரும்பாலும் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பாளராகவே போற்றுகிறோம். இயற்பியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கோ, அவரிடமிருந்த ஆசிரியரே பெரிதும் வியப்பளிக்கிறார்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி லாகூரில் பிறந்தவர் சந்திரசேகர். தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். சர் சி.வி. ராமன் அவருக்குச் சிற்றப்பா. தொடக்கக் கல்வியை வீட்டிலேயே பெற்ற அவர், பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலை ஆழ்ந்து படித்திருந்த கல்லூரி மாணவர் சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை எடுத்துக்கூறிய சோமர்ஃபெல்ட், இன்னும் வெளிவராத தமது ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படியை அந்த இளைஞரிடம் கொடுத்தார். அதிலிருந்து கற்ற புதிய புள்ளியியலைக் கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரையை, அடுத்த ஆண்டே லண்டன் ராயல் கழகம் வெளியிட்டது.

1930-இல் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து சென்றபோது, அந்தப் புள்ளியியலை விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனை அதன் எலெக்ட்ரான்களின் அழுத்தமே தாங்கி நிற்கிறது. விண்மீனின் நிறை கூடக்கூட எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அப்போது அழுத்தத்தின் வளர்ச்சி ஈர்ப்பு விசைக்கு ஈடுகொடுக்க இயலாது. அந்த எல்லை, சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. இதுவே 'சந்திரசேகர் எல்லை'.

எல்லையைக் கடந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடைகள்தாம், நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும். அவற்றை நோக்கி விழும் வாயு பல லட்சம் டிகிரி வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வெளியிடுகிறது. இன்று உயர் ஆற்றல் வானியல் என்று கற்பிக்கப்படும் துறையின் அடித்தளங்களில் ஒன்று, 19 வயது மாணவர் கப்பலில் போட்ட அந்தக் கணக்கு.

ஆனால், 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் அதை விளக்கியபோது, அடுத்துப் பேசிய சர் ஆர்தர் எடிங்டன் அதை ஏளனமாக நிராகரித்தார். எடிங்டன் சாதாரண மனிதரல்லர். வானியலைப் பொதுமக்களுக்கு எளிமையாக எடுத்துச் சொல்வதில் நிகரற்றவர். மாணவப் பருவத்தில் சந்திரசேகருக்குப் பரிசாகக் கிடைத்த நூலும் அவருடையதே. உலகத்துக்கே பாடம் சொன்ன அந்தப் பேரறிஞருக்கு, எதிரே நின்ற 24 வயது இளைஞரின் கணக்கை ஏற்க மனம் வரவில்லை.

சந்திரசேகர் கசப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. தமது முடிவுகளை 1939-இல் ஒரு பாடநூலாக எழுதிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். பிற்காலத்தில், எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றி உரையாற்றியவரும் அவரே.

அமெரிக்காவிலும் தடை இருந்தது. 1938-இல் அவர் சிகாகோ வளாகத்தில் பாடம் நடத்துவதை, அவரது நிறத்தின் காரணமாக நிர்வாகி ஒருவர் எதிர்த்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பைப் புறந்தள்ளினார். இப்படிக் கிடைத்த வகுப்பறைக்குத்தான், பின்னாளில் இரண்டே மாணவர்களுக்காக அவர் அத்தனை தொலைவு பயணம் செய்தார்.

ஏறத்தாழ 50 மாணவர்கள் அவரது வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றனர். ஒரு துறையை முழுமையாகக் கற்று, அதைப் பிறர் கற்பதற்கேற்ற நூலாக்கிவிட்டு அடுத்த துறைக்குச் செல்வது அவரது வழக்கம். கருந்துளைகள் பற்றிய நூல் 1983-இல் வெளிவந்தது. நியூட்டனின் 'பிரின்சிபியா'வைப் பொது வாசகருக்கு விளக்கும் நூல் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி அவர் காலமானார்.

பின்னர், அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா தனது எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்குப் பெயர் சூட்ட ஒரு கட்டுரைப் போட்டி நடத்தியது. 61 நாடுகளிலிருந்து சுமார் 6,000 பேர் பங்கேற்றனர். 'சந்திரா' என்ற பெயரை முன்மொழிந்து வென்றவர்கள் இருவர். ஒருவர் உயர்நிலைப் பள்ளி மாணவர், மற்றவர் பள்ளி ஆசிரியை. பூமியின் வளிமண்டலம் எக்ஸ் கதிர்களைத் தடுத்துவிடுவதால், 1999 ஜூலை 23-இல் அத்தொலைநோக்கி விண்ணில் செலுத்தப்பட்டது. அது திரட்டும் தரவுகள், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எவரும் பயன்படுத்தத்தக்க வகையில் பொதுவில் வைக்கப்படுகின்றன. நம் ஊர்க் கல்லூரி மாணவரும் அவற்றை எடுத்து ஆராயலாம்.

ஆனால், எடுத்து ஆராயக் கற்றுத்தர ஆசிரியர் வேண்டும். சேர்க்கை குறைந்தால் பாடப்பிரிவையே மூடிவிடலாம் என்று கருதும் போக்கு நம் கல்வி நிறுவனங்களில் வளர்ந்து வருகிறது. அடிப்படை அறிவியல்தான் இதற்கு முதலில் இரையாகிறது. நிதிச் சுமை உண்மைதான். அதற்காக, ஆர்வத்தோடு வரும் ஓரிரு மாணவர்களைத் திருப்பி அனுப்புவது தீர்வாகாது. அருகிலுள்ள கல்லூரிகள் இணைந்து ஒரே வகுப்பை நடத்தலாம். ஓர் ஆசிரியர் பல கல்லூரிகளுக்குச் சென்று கற்பிக்கலாம்.

சோமர்ஃபெல்ட் ஒரே ஒரு மாணவரை மதித்ததால் அறிவியலுக்கு ஒரு சந்திரசேகர் கிடைத்தார். இருவர் மட்டுமே அமர்ந்திருக்கும் வகுப்பை மூடுவதற்கு முன், கல்லூரி நிர்வாகங்கள் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.