பாசிக்குப் பெயர் தேடிய ஆசான்: எம்.ஓ.பி. ஐயங்கார்

மட்டக்களப்பு வாவியில் நீர் பச்சையாகி, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தால் ஊர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது என்ன பாசி? பிடித்த மீனைச் சாப்பிடலாமா, விற்கலாமா, வலையைப் போடலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. வெறுங்கண்ணுக்கு எல்லாப் பச்சையும் ஒன்றுதான். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இது நஞ்சு சுரக்கும் இனம், இது சுரக்காத இனம் என்று பிரித்துச் சொல்லப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தென்னாசியாவில் ஒரு முறையான பட்டப்பின்படிப்பாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் எம்.ஓ.பி. ஐயங்கார். இந்திய அல்காவியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886 டிசம்பர் 15 அன்று சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்து 1909 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அரசு அருங்காட்சியகத்திலும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றியபின் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்க வந்தார்.

அந்நாளில் தாவரவியல் என்றால் பூக்கும் தாவரங்கள்தான். குளத்துப் பாசியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஐயங்கார் அதைத்தான் எடுத்துக்கொண்டார். கோயில் குளம், ஏரி, மழைக்குட்டை, வயல் என்று தேடி நீரை அள்ளினார். சென்னையின் வொல்வொக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1920 வாக்கில் வெளிவந்தது. 1927 இல் மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கடல் அல்காக்களைப் பற்றி எழுதினார். அந்த வளைகுடாவின் மறுகரை இலங்கை.

நாற்பது வயதைத் தாண்டி, பேராசிரியராகப் பெயர் பெற்ற பின்னர், அவர் மீண்டும் மாணவரானார். இலண்டனுக்குச் சென்று எஃப்.ஈ. பிரிட்ஷ் என்பவரிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பிரிட்ஷ் இலங்கைக்குப் புதியவரல்லர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து அல்காக்களைச் சேகரித்தவர். வெப்பவலய நாடுகளின் அல்காக்கள் பற்றி 1907 இல் அவர் எழுதிய கட்டுரைக்கு அந்தப் பயணம் உதவியது. வற்றும் குட்டைகளின் ஈர மண்ணில் தான் கண்டெடுத்த புதிய பாசி ஒன்றுக்கு ஐயங்கார் தம் ஆசிரியரின் பெயரையே வைத்தார். 1932 இல் வெளியான அந்தப் பிரிட்ஷியெல்லா, நீர்த்தாவரம் நிலத்துக்கு ஏறிய கதையை விளக்க இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டாக வருகிறது.

ஊர் திரும்பியபின் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக 1940களின் நடுப்பகுதி வரை இருந்தார். அவரது பெரிய பணி அங்குதான் நடந்தது. இளைஞர்களைச் சேர்த்து ஆளுக்கொரு அல்காக் கூட்டத்தைக் கொடுத்தார். ஒருவருக்கு நீலப்பச்சை அல்கா, இன்னொருவருக்கு டயற்றம், மற்றொருவருக்கு இழைப்பாசி. அவரிடம் பயின்றவர்களுள் டி.வி. தேசிகாச்சாரி, ஆர். சுப்பிரமணியன் ஆகிய இருவரும் நமது பேச்சுக்கு முக்கியமானவர்கள்.

தீங்குதரும் அல்கா ஆய்வோடு ஐயங்காரை இணைப்பது சுப்பிரமணியனின் கதை. மலபார்க் கரையில் ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தை அடுத்துக் கடல் நிறம் மாறுவதும் மீன்கள் கூட்டமாகச் சாவதும் நெடுநாளாகத் தெரிந்த விடயம். இலங்கையின் முத்துக்குளிப்பு ஆய்வில் பணியாற்றி, பின்னர் சென்னை மாகாண மீன்பிடித் துறைக்குச் சென்ற ஜேம்ஸ் ஹோர்னெல், இதற்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று 1917 இல் எழுதினார். ஆனால் அந்த உயிர் எது, அதன் வாழ்க்கை வட்டம் என்ன என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை.

37 ஆண்டுகள் கழித்து, 1954 இல், மத்திய கடல் மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சுப்பிரமணியன் கடலைப் பச்சையாக்கி மீனைக் கொல்லும் அந்த உயிரை விவரித்து, ஹோர்னெலின் நினைவாக ஹோர்னெலியா மரினா என்று பெயரிட்டார். ஐயங்காருடன் சேர்ந்து டயற்றம்களின் இனப்பெருக்கத்தை 1940களில் ஆராய்ந்தவர் அவர். உயிருள்ள கலத்தைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. இன்று சட்டோனெல்லா மரினா எனப்படும் அதே இனத்தின் உறவு இனம் 1972 இல் யப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலில் பெருகி, வளர்ப்பு மீன்களில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சத்தைக் கொன்றது.

தேசிகாச்சாரி 1959 இல் வெளியிட்ட நீலப்பச்சை அல்காக்கள் பற்றிய பெருநூல் இன்னொரு கொடை. நன்னீரில் நஞ்சு சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா போன்றவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. கண்டி வாவியில் 1999 இல் மைக்ரோசிஸ்டிஸ் பெருகி நீர் பச்சையானது நினைவிருக்கலாம். அப்படியான நீரில் இருப்பது எது என்று பார்க்க அமரும் தென்னாசிய மாணவர் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்.

ஐயங்காரின் காலத்தில் நஞ்சை அளக்கும் கருவிகள் இல்லை. இன்று மரபணுவைக் கொண்டே இனத்தைக் கண்டறிய முடிகிறது. ஆனால் கருவி தரும் விடையைச் சரிபார்க்க, அந்த நீரில் வழமையாக என்னென்ன இனங்கள் வாழ்கின்றன என்ற பதிவு முன்பே இருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கிறது. முகத்துவாரம் மண்ணால் மூடும்போது உப்பு குறைகிறது, திறக்கும்போது கூடுகிறது. வயலின் பசளையும் நகரின் கழிவுநீரும் மழையோடு வந்து சேர்கின்றன. மாரியில் நன்னீர் அல்கா, கோடையில் கடல் அல்கா என்று ஒரே இடத்தில் இரண்டும் தலைகாட்டக்கூடிய நீர் இது. மாதந்தோறும் நீர் அள்ளி, இனம் பிரித்து, எண்ணிக்கை எழுதிவைக்கும் பொறுமையான வேலைக்கு ஒரு முதுமாணி மாணவரின் இரண்டு ஆண்டுகள்கூடப் போதாது. அடுத்தடுத்து வரும் மாணவர்கள் தொடர வேண்டும். ஐயங்கார் கட்டியதும் அப்படியொரு தொடர்ச்சியைத்தான்.

அவர் 1963 டிசம்பர் 10 அன்று, 77 வயது நிறைய ஐந்து நாட்கள் இருக்கையில் காலமானார். வொல்வொக்ஸ் கூட்டம் பற்றிய அவரது வாழ்நாள் ஆய்வு அப்போது நூலாகியிருக்கவில்லை. அதைத் தேசிகாச்சாரி நிறைவுசெய்தார். ஆசிரியர், மாணவர் இருவர் பெயருடனும் அந்நூல் 1981 இல் வெளிவந்தது. வந்தாறுமூலையில் பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.