தெருக்களைப் படித்த தாவரவியலார்

செடி வாடினால் உடனே பிடுங்கி எறிபவன் நல்ல தோட்டக்காரன் அல்லன். மண்ணையும் வேரையும் பார்த்துக் காரணம் அறிபவனே நல்ல தோட்டக்காரன். இவ்வுண்மையை ஊர்களுக்கும் வீடுகளுக்கும் பொருத்திக் காட்டிய பேரறிஞர் ஸ்காட்லாந்து நாட்டுப் பேட்ரிக் கெடிஸ் ஆவார்.

இவர் 1854 அக்டோபர் 2-ஆம் நாள் பாலட்டர் என்னும் ஊரில் பிறந்தார். லண்டனில் அறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879-இல் மெக்சிகோ சென்றிருந்தபோது சில காலம் பார்வையை இழந்தார். பார்வை திரும்பியும் நுண்ணோக்கியில் நெடுநேரம் ஆராய முடியவில்லை. அவர் கவனம் மக்கள் வாழ்வின் பக்கம் திரும்பிற்று.

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்தார். எடின்பரோவில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் பகுதியிலேயே இருவரும் குடியேறினர். அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், தோட்டங்கள் அமைத்தனர். 1888 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார்.

1914-இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையில் குண்டு வீசிய அதே எம்டன் மூழ்கடித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. புதிய படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

பின்னர் மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து ஆராய்ந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் குடியிருப்புகளை இடித்து நேரான தெருக்கள் போடத் திட்டமிருந்தது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, சந்துகளைச் சிறிது அகலமாக்கி, கிடைக்கும் இடத்தில் மரம் நட்டாலே போதும் என்றார். செலவும் குறையும்; குடும்பங்களும் தெருவில் நிற்கமாட்டா. இடிப்பதால் நெருக்கடி தீராது, வேறு தெருவுக்குத்தான் போகும் என்பது அவர் கண்ட முடிவு. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். மீன் வளர்த்தால் போதும் என்றார். கமலாலயத்தைத் தினமும் பார்க்கும் நமக்கு இதன் அருமை புரியும்.

1917-இல் மனைவியையும் போரில் மூத்த மகனையும் இழந்தார். அவ்வாண்டே இந்தூரில் பிளேக் நோயை எதிர்த்துத் தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். வீடுகளைச் சிறப்பாகச் சுத்தம் செய்த தெருக்களின் வழியே ஊர்வலம் செல்லும் என அறிவித்தார். மக்கள் தாமே முன்வந்து ஊரைத் தூய்மை செய்தனர். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1932 ஏப்ரல் 17-இல் பிரான்ஸ் நாட்டு மோன்பெலியேயில் மறைந்தார். அவர் சொன்னவை எல்லாம் நிறைவேறிவிடவில்லை.

எங்கள் வீடு வாய்க்கால் கரையில் உள்ளது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு சிலர் வந்து நாடா பிடித்து அளந்தார்கள்; கதவில் எண் எழுதிச் சென்றார்கள். எத்தனை பேர் இருக்கிறோம், எங்கே வேலைக்குப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. என் தாயார் அந்த எண்ணை இன்னும் அழிக்கவில்லை.

மாணவ நண்பர்களே! வயல்வெளியில் செடிகளைக் கணக்கெடுக்க நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பேராசிரியர்கள் வழிகாட்ட, தெருவாரும் உடனிருக்க, நம் தெருக்களையும் அவ்வாறே நாமே கணக்கெடுப்போம். அடுத்த முறை நாடாவோடு வருபவர்களிடம் கொடுக்க நம் கையில் ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கட்டும்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்