11 ரூபாய் வாடகை வீடு

கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையை ஒட்டி பராநகர் என்று ஓர் ஊர். 1886-இல் அங்கே ஓர் இடிந்துபோன பழைய வீடு வாடகைக்கு எடுக்கப்பட்டது. வரியோடு சேர்த்து மாதம் 11 ரூபாய். பேய் வீடு என்று ஊரில் பேச்சு. போதாததற்குப் பாம்பும் உண்டு. அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் பெயர் நரேந்திரநாத் தத்தர். பின்னாளில் நாம் விவேகானந்தர் என்று கும்பிடுகிறவர்.

நண்பர்களே, விவேகானந்தர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிகாகோதான். தலைப்பாகை, கட்டிய கைகள், எழுந்து நின்று கைதட்டிய கூட்டம். சமய வகுப்பில் சின்ன வயசிலிருந்து கேட்ட கதை அது. ஆனால் சிகாகோவுக்கு ஏழு வருடம் முன்னால், சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நண்பர்களோடு ஒரே கூரையின்கீழ் அவர் வாழ்ந்த கதையை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் அதைத் தேடிப் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நரேந்திரர் பிறந்தது 1863 ஜனவரி 12. அப்பா விஸ்வநாத தத்தர் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். அம்மா புவனேஸ்வரி தேவி. வீட்டில் வசதி உண்டு, வேலைக்காரர்கள் உண்டு. நரேந்திரர் நன்றாகப் படிப்பார், அதைவிட நன்றாகப் பாடுவார். 1881-இல் சுரேந்திரநாத் மித்திரர் என்ற அன்பர் தன் வீட்டுக்கு ஸ்ரீ ராமகிருஷ்ணரை அழைத்திருந்தார். பாட ஆள் வேண்டும் என்று பக்கத்திலிருந்த இந்தக் கல்லூரி மாணவரைக் கூப்பிட்டார்கள். குருவும் சீடரும் முதலில் சந்தித்தது அப்படித்தான். இந்த சுரேந்திரர் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1884-இல் அப்பா திடீரென்று காலமானார். கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். குடும்ப வீட்டுக்காக உறவினர்களோடு வழக்கு. மூத்த மகன் நரேந்திரர், பட்டம் பெற்றும் நிலையான வேலை கிடைக்காமல் வெறுங்காலோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் சாப்பாடு போதாது என்று தெரிந்தால், வெளியே யாரோ விருந்துக்கு அழைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பட்டினியாகக் கிளம்பிவிடுவார்.

அடுத்த வருடம் ராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. காசிப்பூரில் ஒரு தோட்ட வீடு எடுத்து அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரவும் பகலும் முறை போட்டுப் பணிவிடை செய்தவர்கள் இந்த இளைஞர்கள். ஒன்றாகச் சமைப்பது, ஒன்றாக விழித்திருப்பது, ஒன்றாகத் தியானம் செய்வது என்று அவர்கள் ஒரு குடும்பம் ஆனது அந்த வீட்டில்தான். 1886 ஆகஸ்ட் 16-ஆம் தேதி குரு மறைந்தார். காசிப்பூர் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்தது. பையன்கள் வீட்டுக்குத் திரும்பிப் படிப்பைத் தொடரட்டும் என்பதே பெரியவர்கள் பலருடைய எண்ணம். சிலர் திரும்பியும் போனார்கள். ஆனால் தாரக், லாட்டு, மூத்த கோபால் ஆகிய மூவருக்கும் போக வீடு இல்லை.

அப்போது முன்வந்தவர்தான் அந்த சுரேந்திரர். ஓர் ஆங்கில வணிக நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர். குருவுக்காகத் தான் கொடுத்துவந்த பணத்தை இனி சீடர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். நீங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால், எங்களைப்போன்ற குடும்பஸ்தர்களும் அவ்வப்போது வந்து மன அமைதி தேடிக்கொள்வோம் என்பது அவருடைய கணக்கு. முதலில் மாதம் 30 ரூபாய் கொடுத்தார். ஆள் கூடக் கூட 100 ரூபாய் வரை உயர்த்தினார். 11 ரூபாய் வாடகை, 6 ரூபாய் சமையல்காரர் சம்பளம், மிச்சம் சாப்பாட்டுக்கு. பராநகர் மடத்தின் பட்ஜெட் அவ்வளவுதான்.

இங்கே என் சொந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். நாங்கள் ஐந்து பேர், மூன்று வருடமாக ஒரே விடுதி. படிப்பு முடிந்ததும் ஒரு தாமானில் பெரிய வீடாக வாடகைக்கு எடுத்து, சேர்ந்தே வாழலாம் என்று பேசிவருகிறோம். ஒரே சமையல், வெள்ளிக்கிழமை தேவாரம், வார இறுதியில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், அதற்கு ஒரு பொதுக் காசுப் பெட்டி. மாமாக் கடையில் விடிய விடிய உட்கார்ந்து பேசினால் எல்லாம் ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பணம் கட்ட வேண்டிய தேதி நெருங்க நெருங்க ஒவ்வொருவராக மௌனம் ஆகிறார்கள். ஒருவனுக்குப் படிப்புக் கடன். இன்னொருவனுக்கு அப்பா இல்லை, அவன் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். நண்பர்கள் ஒன்றாக வாழ்வது நிஜமாகவே முடியுமா, முடிந்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள் என்று தேடியபோதுதான் இந்த 11 ரூபாய் வீடு என் கண்ணில் பட்டது.

அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள்? பிச்சையாக அரிசி கிடைக்கும் நாளில் சோறு. உப்பு இருந்தால் உப்பு. வேலியில் படரும் கோவைக்கொடியின் இலையைப் பறித்து வேகவைத்தால் அதுதான் குழம்பு, பொரியல் எல்லாம். ஆளுக்கு ஒரு கோவணம். வெளியே போகக்கூடிய நல்ல வேட்டியும் துண்டும் பொதுவாகக் கொடியில் தொங்கும். யாருக்கு வெளி வேலையோ அவர் அதை எடுத்துக் கட்டிக்கொண்டு போவார். தரையில் பாய் விரித்துப் படுக்கை. இத்தனைக்கும் நடுவில் விடியும் முன்பே நரேந்திரர் பாடி எல்லாரையும் எழுப்பிவிடுவார். உபநிடதம், கீதை மட்டும் இல்லை, கான்ட், ஹெகல், மில், ஸ்பென்சர் என்று மேலைத் தத்துவமும் அங்கே அலசப்படும். புத்தரைப் பற்றியும் இயேசுவைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேச்சு ஓடும்.

அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களும் இல்லை. நரேந்திரர் பட்டதாரி. லாட்டு பீகாரிலிருந்து வந்து ஒரு வீட்டில் வேலைக்காரராக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. மூத்த கோபாலுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது, குருவைவிடவே வயதில் மூத்தவர். ஒத்த குணம், ஒத்த வயசு, ஒத்த படிப்பு இருந்தால்தான் சேர்ந்து வாழலாம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே பொதுவாக இருந்தது ஒரே ஒரு குரு மட்டும்தான். 1886 டிசம்பரில் ஆன்ட்பூர் கிராமத்துக்குப் போயிருந்தபோது, இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து துறவு வாழ்க்கைக்குச் சங்கல்பம் செய்தார்கள். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விரஜா ஹோமம் செய்து முறைப்படி சந்நியாசம் ஏற்றார்கள்.

அழகான பக்கத்தை மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. அப்பாமார்கள் வந்து மகன்களைத் திரும்ப அழைத்தார்கள். பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார் என்ற பழி நரேந்திரர் தலையில் விழுந்தது. அவருக்கே வீட்டில் விதவைத் தாய், சின்னத் தம்பிகள், முடியாத வழக்கு. ஆரம்ப மாதங்களில் பகலில் வழக்கு வேலை, இரவில் மடம் என்று இரண்டு பக்கமும் ஓடினார். அம்மாவை விட்டுவந்த வலி கடைசிவரை அவரை விடவில்லை. பின்னாளில் கேத்ரி மன்னர் அஜித் சிங், புவனேஸ்வரி அம்மையாருக்கு மாதம் 100 ரூபாய் அனுப்ப ஏற்பாடு செய்தார். நண்பர்களோடு வாழப் போகிறவன் யாரையோ வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறான். அந்தக் கணக்கை விவேகானந்தர் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். சசி பூஷண், பிறகு சுவாமி ராமகிருஷ்ணானந்தர். மற்றவர்கள் தியானத்தில் மூழ்கிச் சாப்பாட்டையே மறந்துவிடுவார்கள். சசிதான் அரிசி எங்கிருந்தாவது கொண்டுவந்து, சமைத்து, குருவின் படத்துக்குப் படைத்து, பிறகு ஒவ்வொருவரையும் பிடித்து இழுத்துவந்து சாப்பிட வைப்பார். நரேந்திரர் உட்படப் பலர் தீர்த்த யாத்திரை என்று கிளம்பிப்போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். சசி மட்டும் நகரவில்லை. தினமும் பூஜை, தினமும் அடுப்பு. எவர் எப்போது திரும்பினாலும் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. கட்டடத்தில் சுமை எந்தத் தூண் வழியாக இறங்குகிறது என்று எங்கள் வகுப்பில் கணக்குப் போடச் சொல்வார்கள். பராநகரில் அந்தத் தூண் சசி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை விவேகானந்தரும் அறிந்திருந்தார். மடத்துக்கே தாய்போல் இருந்தவர் சசி என்று மனம் நிறைந்து பாராட்டினார்.

1890-இல் பெரிய அடி விழுந்தது. மடத்தைத் தாங்கிவந்த பலராம் போஸ் ஏப்ரலிலும், சுரேந்திரர் மே மாதத்திலும் காலமானார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நரேந்திரர் நீண்ட பயணம் கிளம்பினார். இமயம் தொடங்கி கன்னியாகுமரி வரை சென்றார். 1892-இல் மடம் ஆலம்பஜாருக்கு இடம் மாறியது. சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியரும் அவருடைய இளைஞர் கூட்டமும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்துக் கொடுக்க, 1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் வழியாகப் போனது. சிங்கப்பூர்ப் பூங்காவில் இருந்த பனை வகைகளைப் பற்றிக்கூடச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம் மண்ணையும் பார்த்துவிட்டுத்தான் அவர் சிகாகோ போனார்!

உலகப் புகழ் வந்த பிறகு அவர் அந்த ஓட்டை வீட்டை மறந்திருக்கலாம். மறக்கவில்லை. மேலை நாட்டிலிருந்து சகோதரத் துறவிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஏழைகளிடம் போங்கள், படிப்புச் சொல்லிக் கொடுங்கள் என்று வற்புறுத்தினார். 1896-இல் இங்கிலாந்திலிருந்து எழுதிய ஒரு நீண்ட கடிதத்தில் மடத்தை எப்படி நடத்துவது என்று விதிகளே வகுத்தார். குடிதண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முதல், தலைவரை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. வேதாந்தம் பேசியவருக்குத் தண்ணீர்ப் பானையும் முக்கியமாகப் பட்டது.

1897-இல் திரும்பி வந்து மே 1-ஆம் தேதி ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியபோது, எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நிவாரணம் எல்லாம் நம் குரு சொன்ன வழியா என்று பராநகர் சகோதரர்களே கேட்டார்கள். வாதம் சூடாகி, விவேகானந்தர் கண் கலங்கி எழுந்துபோனதும் உண்டு. ஆனாலும் யாரும் யாரையும் வெட்டிவிடவில்லை. பத்து வருடம் கோவை இலையைப் பங்கிட்டுத் தின்றவர்களால் சண்டையையும் தாங்க முடிந்தது. 1898-இல் வெளிநாட்டு அன்பர் கொடுத்த பணத்தில் பேலூரில் நிலம் வாங்கினார்கள். அதே வருடம் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, பணம் போதாவிட்டால் அந்த நிலத்தையே விற்றுவிடத் தயார் என்றார். 1901-இல் மடத்தின் சொத்து எல்லாவற்றையும் அறங்காவலர்களான சகோதரர்களிடம் எழுதிக் கொடுத்தார். தலைவரானவர் பிரம்மானந்தர், அதாவது பராநகர்ப் பழைய நண்பர் ராக்கால். கடைசி நாட்களில் விவேகானந்தர் ஆட்டுக்குட்டி, நாய், வாத்துகளோடு விளையாடிக்கொண்டு, அங்கே கூலி வேலைக்கு வந்த சந்தால் மக்களுக்கு விருந்து வைத்துக்கொண்டு, பொறுப்பை விட்டவராக வாழ்ந்தார். 1902 ஜூலை 4-ஆம் தேதி, 39 வயதில் அதே பேலூரில் உடலை விட்டார்.

இந்தக் கதையைச் சிலரிடம் சொன்னால், அவர்கள் மகான்கள், நாம் சாதாரணப் பசங்க என்கிறார்கள். அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அவர்களும் வேலையில்லாத பசங்கதான். சேர்ந்து வாழலாம் என்று கனவு காண்கிற எந்த நண்பர் கூட்டமும் மூன்று கேள்விகளை முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது. வீட்டில் நம்மை நம்பி இருப்பவர்களுக்கு மாதாமாதம் என்ன ஏற்பாடு? நம் நட்பைத் தாண்டி, நாம் எல்லாரும் தலைவணங்குகிற பொதுவான ஒன்று எது? நம்மில் யார் சசி? மூன்றாவது கேள்விதான் கஷ்டம். எல்லாருக்கும் நரேந்திரராக இருக்கத்தான் ஆசை. பேச ஆள் உண்டு, கூட்டத்தை எழுப்ப ஆள் உண்டு. பானை கழுவ, பில் கட்ட, போனவன் திரும்பி வரும்வரை கதவைத் திறந்து வைக்க ஆள் வேண்டும்.

அந்த சசி பிறகு என்ன ஆனார் தெரியுமா? 1897-இல் தங்களுக்கு ஒரு துறவியை அனுப்பச் சொல்லிச் சென்னை மக்கள் விவேகானந்தரைக் கேட்டார்கள். பத்து வருடம் மடத்தை விட்டு நகராத சசியைத்தான் அவர் அனுப்பினார். சசியும் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினார். சென்னையில் ராமகிருஷ்ண மடத்தை உண்டாக்கி, அனாதை மாணவர்களுக்கு ஒரு விடுதிக்கும் வித்திட்டு, 1911-இல் மறையும்வரை உழைத்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது. சிங்கப்பூரில் 1928-இல் ராமகிருஷ்ண மிஷன் வந்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் உள்ளே போய் விவேகானந்தர் படத்தைக் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு, சமையலறையில் யாராவது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் கூட நின்று ஒரு கை கொடுங்கள்.